அந்த 6 ஆம்ப்ஸ் பாயிண்ட்

அன்புள்ள கயல்,

நேற்று பேச்சு பாதியில் நின்றபோது, "ட்ரிப் ஆயிடுச்சுப்பா, மேலே தள்ளிவிட்டா வந்துடும்" என்றாய். தள்ளாதே. கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கிற சுவிட்ச்தான் எம்சிபி. அது எதனால் விழுந்தது என்று பார்க்காமல் தள்ளாதே.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது 6 ஆம்ப்ஸ் பாயிண்ட். 230 வோல்ட்டில் 1,380 வாட்ஸ்தான் அதன் அளவு. உன் இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட்ஸ். அது ஒன்றே 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். அதன் தடித்த பிளக்கைச் செருக கன்வெர்ஷன் பிளக் வாங்கியிருப்பாய். சின்ன பாயிண்டில் செருகக் கூடாது என்றுதானே பெரிய பிளக்கே வைத்திருக்கிறான்!

எம்சிபி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதே. அடுப்போடு அயர்ன் பாக்ஸும் ஓடினால் 13 ஆம்ப்ஸ். 10 ஆம்ப்ஸ் எம்சிபி அதற்கு உடனே விழாது, 14.5 ஆம்ப்ஸ் போனால்கூட விழ ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை பாயிண்ட் உள்ளே சூடேறிக்கொண்டிருக்கும். சூட்டில் பித்தளைக் கவ்வி தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறதா, மீன் கருகின மாதிரி வாடை வருகிறதா, பார். இருந்தால் அந்தப் பாயிண்டை மாற்றியே ஆகணும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு ஓட்டை இருந்தாலும் எல்லாம் சுவரில் அதே ஒரு பாயிண்ட் வழியாகத்தான் வரும். செல் சார்ஜர், லேப்டாப், டேபிள் ஃபேன் போடு, பரவாயில்லை. சூடாக்குகிற சாமான் எதுவும் வேண்டாம். "அடிக்கடி விழுது, 20 ஆம்ப்ஸ் போட்டுடலாம்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் விடாதே. உள்ளே 1.5 ஸ்கொயர் எம்எம் கனமுள்ள மெல்லிய ஒயரை வைத்துக்கொண்டு எம்சிபியை மட்டும் பெரிசாக்கினால் சுவருக்குள் ஒயர்தான் எரியும்.

சமையலறையில் 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் இருக்கிறது. அடுப்புக்கு இடம் அதுதான். நீ சொந்தக் காலில் நிற்பதை அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கூட இருக்கும் பிள்ளைகள் பேச்சை மட்டும் நீ இப்போது எடுப்பதே இல்லை.

சரி. அறையிலேயேதான் சமைக்கணும் என்றால், மேலே ஏசி மாட்டாத ஏசி பாயிண்ட் சும்மா கிடக்கிறதே, அதற்கு எம்சிபிகள் இருக்கிற டிபி பாக்ஸிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி வந்திருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அதைக் கீழே இறக்கி 16 ஆம்ப்ஸ் சாக்கெட் போடச் சொல். 2.5 ஸ்கொயருக்குக் குறைந்த ஒயர் வேண்டாம், எர்த் கட்டாயம்.

டிபி பாக்ஸைத் திறந்து படம் எடுத்து அனுப்பு. எம்சிபியில் சி 10, அதாவது 10 ஆம்ப்ஸ், என்று இருக்கிறதா பார்க்கணும். அதுவரை அந்தப் பாயிண்டில் அடுப்பு வேண்டாம். ராத்திரி வெளியே சாப்பிட்டுக்கொள், பணம் போட்டுவிட்டேன்.

அப்பா