காய்ச்சல்காரனுக்கும் ஒரு வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பங்குனிக் கடைசியில் கிளிநொச்சியில் நடக்கவிருக்கும் 21 கிலோமீற்றர் ஓட்டத்தின் விளம்பரம் உங்கள் பத்திரிகையில் வந்திருந்தது. ஐப்பசியிலேயே காசு கட்டிப் பெயர் பதிந்தவன் நான். ஆனால் ஓடப்போவதில்லை. அந்த முடிவுக்கு வர எனக்கு ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்பதை ஏற்பாட்டாளர்களும் வாசிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் வட்டக்கச்சியில் வயல் செய்கிறவன். கார்த்திகை மழையில் உடைந்த வரம்பைக் கட்ட நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றேன். காலில் மண்வெட்டி பட்ட காயம் ஒன்று ஆறாமல் இருந்தது. எலி, மாடு, எருமைகளின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி அப்படியான காயத்தாலும் ஊறிப்போன தோலாலும் உடம்புக்குள் போய்விடும். பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் காட்டும். எனக்கும் அப்படித்தான் வந்தது. தலையிடி, கண் சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கெண்டைக்கால் நோவு. ஓடுகிறவனுக்குக் கெண்டைக்கால் நோவு புதினமா? ஆனால் 2024 மார்கழியில் கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கம் அடுத்தடுத்துச் சனம் செத்ததும், அது எலிக்காய்ச்சல்தான் என்று பிறகு உறுதியானதும் என் மனுசிக்கு நல்ல ஞாபகம். கண்ணைப் பார்த்தவுடனேயே முச்சக்கரவண்டி பிடித்துவிட்டாள். சலம் குறைந்து, சிறுநீரகம் கொஞ்சம் அடிபட்டு, ஒரு கிழமைக்கு மேல் வாட்டில் கிடந்து பிழைத்து வந்தேன்.

(கமக்காரருக்கு ஒரு வார்த்தை. சேற்றில் இறங்குகிற காலத்தில் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கிழமைக்கு ஒருமுறை போடும் டொக்சிசைக்கிளின் குளிசையைப் பற்றி உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். இந்தக் கடிதத்தின் விஷயம் அதுவல்ல, ஆனாலும் எழுதாமல் விட மனமில்லை.)

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாரும் வைத்தியர்தான். சந்திக் கடை அண்ணை, வியர்வை சிந்தினால்தான் காய்ச்சலின் மிச்சம் வெளியே போகும் என்றார். கூட ஓடுகிற தம்பி ஒருவன், ஓடுவதற்கு முன் ஒரு டைக்ளோபெனாக் போட்டால் ஒன்றும் தெரியாது என்றான். இன்னொருவர் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவை இழுத்தார். 2023இல் தன் 72ஆவது வயதில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் ஓடித் தங்கம் எடுத்தவர். "அந்த மனுசி ஓடுது, நீ இளந்தாரி, படுத்துக் கிடக்கிறாய்!" அம்மா மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அவர் காய்ச்சலால் எழும்பிப் போய் ஓடினதாக நான் கேள்விப்படவில்லை.

குளிசைக் கதையை மட்டும் சும்மா விட முடியாது. டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்ற நோவுக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். நீண்ட ஓட்டத்தில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அது இரட்டை அடி. நல்ல சிறுநீரகத்துக்கே அப்படியென்றால் என்னுடையது நேற்றுத்தான் தேறியது. டெங்கு வந்தவர் இந்தக் குளிசைகளைத் தொடவே கூடாது, இரத்தக்கசிவு வரக்கூடும். ஆனால் ஓட்டப் போட்டிகளின் தொடக்க இடத்தில் வாழைப்பழம் பங்கிடுவதுபோல இவற்றைப் பங்கிடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எனக்கு இந்த ஓட்டம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றும் சொல்ல வேண்டும். போர் முடிந்த 2009இல் நான் உயர்தர வகுப்புப் பிள்ளை. அந்த வயதில் எங்களுக்கு இல்ல விளையாட்டுப் போட்டியும் மரதனும் கிடைக்கவில்லை என்பதை வன்னி வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முப்பது தாண்டித்தான் இரணைமடுக் குளக்கட்டில் ஓடப் பழகினேன். ஊருக்குள் நடக்கிற ஓட்டத்தில் இலக்கம் குத்திக்கொண்டு ஒருதரம் ஓட வேண்டும் என்பது ஆசை. அதனால்தான் உடம்பு வேண்டாம் என்று சொன்ன பிறகும் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

உடம்பு சொன்னது இதுதான். விடியக் கண் முழித்ததும் படுத்தபடியே நாடித் துடிப்பை எண்ணுவது என் பழக்கம். காய்ச்சலுக்கு முன் நிமிடத்துக்கு 56, 58 என்று நிற்கும். தை மாதம் முழுக்க 70க்குக் கீழே இறங்கவில்லை. மாசியில் மெல்ல ஓடிப் பார்த்தேன். வீதியில் ஒரு மின்கம்பத்துக்கு ஓட்டம், அடுத்த கம்பத்துக்கு நடை. ஓடும்போது ஒன்றும் தெரியாது, பறவாயில்லையே என்றுகூட இருக்கும். அடுத்த நாள்தான் வினை. காலையில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து திரும்பப் படுக்க வேண்டும்போல ஒரு அலுப்பு. ஓடின அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்காதே, மறுநாள் எப்படி இருக்கிறது என்று பார் என்பதை இந்தக் காய்ச்சல்தான் எனக்குப் படிப்பித்தது.

கிளினிக்குக்குப் போனபோது வைத்தியரிடம் நேராகவே கேட்டேன். இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் பழைய நிலைக்கு வந்துவிட்டது, ஈசிஜியும் சரி. நடக்கலாம், மெல்ல ஓடலாம், போட்டி வேண்டாம் என்றார். எலிக்காய்ச்சல் சிறுநீரகம், ஈரல், நுரையீரலோடு நிற்பதில்லை, சிலருக்கு இதயத் தசையையும் தாக்கும். டெங்கு, கொரோனா, ஏன் சாதாரண வைரசுக் காய்ச்சலிலும் சிலருக்கு அப்படி நடக்கும். இதயத் தசை அழற்சி என்று உறுதியானால் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை கடும் பயிற்சியை நிறுத்தி வைப்பது வழக்கமாம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் நெஞ்சு நோ, படபடப்பு, தலைச்சுற்று, வழக்கத்துக்கு மாறான இளைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று வைத்தியசாலைக்கு வா என்றார். பங்குனிக் கடைசியின் வெயிலையும் ஞாபகப்படுத்தினார். சித்திரையில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருகிற நாட்களுக்கு அது கிட்ட. ஐந்து மணிக்குத் தொடங்கினாலும் என் வேகத்தில் முடிக்க ஏழரை தாண்டும். அந்த நேரம் ஏ9 வீதித் தார் எப்படி இருக்கும் என்று நடந்து போகிறவர்களைக் கேளுங்கள்.

சரி, வேண்டாம் என்று முடிவெடுத்தாயிற்று. இனித்தான் என் முறைப்பாடு.

இந்த ஓட்டத்தின் விதிகளில் ஒரு வரி இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் கட்டணம் திருப்பித் தரப்படாது, தூரத்தை மாற்ற முடியாது, அடுத்த ஆண்டுக்குத் தள்ளவும் முடியாது. அதாவது காய்ச்சல் வந்தவனுக்கு முன்னால் இரண்டு வழிதான். காசையும் பெயரையும் விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம், அல்லது வந்து ஓடலாம். கட்டின காசு பெரிய தொகை இல்லை என்று கொழும்பில் இருப்பவர் சொல்லலாம். இங்கே ஒரு நாள் கூலியை அதில் போட்ட பெடியன்கள் இருக்கிறார்கள். அவன் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வருவான். விதி அவனை அப்படி வரச் சொல்கிறது.

மருத்துவச் சான்றிதழைக் கட்டாயமாக்குங்கள் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடுதாசி வாங்குவது கஷ்டமான வேலை இல்லை, நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் எழுதித் தருகிறவர்களும் உண்டு. அதைவிடப் பதிவுப் படிவத்திலும், இலக்கம் கொடுக்கிற அன்றும் ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சலுக்காக வைத்தியசாலையில் தங்கினீர்களா? ஆம் என்பவருக்கு, கட்டின காசோடு 5 கிலோமீற்றருக்கு மாறவோ அடுத்த ஆண்டு ஓடவோ இடம் கொடுங்கள். இலக்கம் அச்சடிக்க முதல், ஒரு கிழமைக்கு முன்வரை என்று நாள் குறியுங்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

பாடசாலைகளுக்கும் இதையே சொல்வேன். தை, மாசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னோடியாக மரதன் வைக்கிறார்கள். அதே மாதங்கள்தான் மழை ஓய்ந்து டெங்கும் எலிக்காய்ச்சலும் வந்து போன மாதங்கள். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தியை எல்லாரும் வாசித்தோம். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை தொடக்கக் கோட்டில், இல்லத்துப் பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு நிற்க, "சேர், எனக்குப் போன மாதம் டெங்கு" என்று கையைத் தூக்குமா? அதைக் கேட்க வேண்டியது வகுப்பாசிரியர், ஒரு கிழமைக்கு முன், தாய் தகப்பனிடம்.

இன்னொரு விஷயம், இது ஓட்டத்துக்கு வெளியே. என்னோடு அதே வாட்டில் கிடந்த ஒருவர் நெல் மூடை தூக்குகிறவர். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியசாலையில் தந்த எங்கள் இருவருடைய துண்டிலும் ஓய்வு எடுக்கவும் என்றுதான் எழுதியிருந்தது. எத்தனை நாள், எந்த வேலை கூடாது என்று ஒன்றும் இல்லை. நான் ஓடலாமா என்று கேட்கப் போனேன், கேட்க எனக்கு நேரம் இருந்தது. அவர் வீட்டுக்குப் போன கையோடு லொறியில் மூடை ஏற்றிக்கொண்டிருந்தார். எழுபது கிலோ மூடையை நாள் முழுக்கச் சுமப்பது எந்த மரதனுக்குக் குறைந்தது? வைத்தியசாலைகளில் வேலைப்பளு எனக்குத் தெரியும். என்றாலும் துண்டில் கூடுதலாக ஒரு வரி, இத்தனை கிழமைக்குப் பாரம் தூக்காதே என்று, தமிழில் எழுதினால் அவர் அதை முதலாளியிடம் காட்டியிருப்பார்.

ஏற்பாட்டாளர்களுக்கு 5 கிலோமீற்றருக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. விதியை மாற்ற இன்னும் நாள் இருக்கிறது. எனக்கு மட்டும் விலக்குத் தர வேண்டாம். மாற்றுவதென்றால் எல்லாருக்கும் மாற்றி, உங்கள் பத்திரிகையிலேயே அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
வட்டக்கச்சியிலிருந்து ஒரு கமக்காரன்