1064: மகளுக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். போன செவ்வாய்க்கிழமை ஈப்போவில் என் இடக்கண்ணுக்கு லேசர் சிகிச்சை முடிந்தது. கண்புரை அறுவையின்போது பொருத்திய செயற்கை வில்லைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு இரண்டே ஆண்டுகளில் மங்கிப்போய், தெருவிளக்கைச் சுற்றிப் புகை மூட்டம் போட்டது போலத் தெரிந்ததை உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்குத்தான். கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்த நேரமே அதிகம். சிகிச்சை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. வலியே இல்லை. டிக், டிக் என்று சில சத்தங்கள் கேட்டன, அவ்வளவுதான். மறுநாள் காலை வாசலில் நின்று பார்த்தபோது, எதிரே நிற்கும் செம்பனை மட்டைகளின் ஒவ்வோர் ஓலையும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஆனால் இந்தக் கடிதத்தை அதற்காக எழுதவில்லை. தாடையை ஊன்றி உட்காருவதற்கு முன், அந்த இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் எச்சரிக்கைத் தாளை மற்றக் கண்ணால் படித்தேன். அதில் 1064 என்ற எண் இருந்தது. சென்ற மாதம் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்த நீ, மின்னணுச் சில்லுகளின் மேல் எழுத்துப் பொறிக்கும் உன் லேசர் இயந்திரத்தைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது உன் வாயிலிருந்து வந்ததும் அதே எண்தான். கதவின் பாதுகாப்புச் சுவிட்சில் ஒரு காந்தத் துண்டை ஒட்டி, கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை ஏமாற்றி, கதவு திறந்திருக்கும்போதே கதிரை நேர்படுத்தும் மூத்த ஊழியர் ஒருவரைப் பற்றியும் அன்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை.

நீ தமிழ்ப்பள்ளியில் படித்த ஆண்டுகளில் அறிவியலை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்ற கொள்கை இருந்தது. 2003இல் வந்த அந்தக் கொள்கையின்படி நானே உன் வகுப்பில் நின்று, எனக்கும் முழுதாக வசப்படாத ஒரு மொழியில் ஒளியைப் பற்றிப் பாடம் நடத்தினேன். நீங்கள் வரையறைகளை மனப்பாடம் செய்தீர்கள். அந்தப் பாடத்தை ஒருமுறையாவது நம் மொழியில் உனக்கு நடத்திவிட வேண்டும் என்று நெடுநாள் எண்ணம். லேசர் என்பதே ஒரு சொற்றொடரின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர். தூண்டிய உமிழ்வினால் ஒளியைப் பெருக்குதல் என்பது அதன் பொருள். 1957இல் கார்டன் கூல்டு என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் தம் குறிப்பேட்டில் அந்தப் பெயரை எழுதிவைத்தார். தமிழில் சீரொளி என்கிறார்கள். மூலப்பெயரைவிட இதுவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் அதன் சிறப்பெல்லாம் சீரில்தான் இருக்கிறது.

ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் பழகியதை நீ மறந்திருக்க மாட்டாய். கோலை உயர்த்திப் பிடித்திருக்கும் சிறுமியை ஆற்றல் ஏறிய அணுவாகவும், கோலைத் தாழ்த்தி வைத்திருப்பவளை ஆற்றல் இறங்கிய அணுவாகவும் எண்ணிக்கொள். கை சோர்ந்து அவரவர் விருப்பத்துக்குக் கோலை இறக்கினால், ஒலி முன்னும் பின்னுமாகச் சிதறும். சாதாரண விளக்கின் ஒளி அப்படிப்பட்டது. ஆனால் கோலை உயர்த்தி நிற்பவளைத் தாண்டி, அவளுடைய ஆற்றலுக்கு ஒத்த ஓர் ஒளித்துகள் சென்றால், அவளும் கோலை இறக்கி, அதே அலைநீளத்தில், அதே திசையில், அதே தாளத்தில் இன்னோர் ஒளித்துகளை வெளிவிடுவாள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இதைத்தான் தூண்டிய உமிழ்வு என்று 1917இல் வெளிவந்த கட்டுரையில் ஐன்ஸ்டைன் எடுத்துக்காட்டினார்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதைக் கவனி. அதே ஒளித்துகள் கோலைத் தாழ்த்தியவளிடம் போனால், அவள் அதை விழுங்கித் தன் கோலை உயர்த்திக்கொள்வாள். ஆகவே உயர்த்தியவர்களின் எண்ணிக்கை தாழ்த்தியவர்களைவிட மிகுந்திருந்தால்தான் ஒளி பெருகும். இயல்பு நிலையில் தாழ்த்தியவர்களே அதிகம் என்பதால், வெளியிலிருந்து ஆற்றலை இறைத்து இந்தக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும். பிறகு இருபுறமும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகளை வைத்து ஒளியை முன்னும் பின்னுமாக ஓடவிட்டு, ஒரு கண்ணாடி மட்டும் அதில் சிறு பங்கை வெளியே கசியவிடுமாறு அமைத்தால், அந்தக் கசிவே நாம் காணும் கதிர். ஒளியைப் பெருக்கும் பொருளாகிய ஊடகம், ஆற்றலை இறைக்கும் வழி, இரண்டு கண்ணாடிகள்: எந்த லேசரைத் திறந்து பார்த்தாலும் இந்த மூன்றைத்தான் நீ தேட வேண்டும்.

இதை முதன்முதலில் செய்து காட்டியவர் தியோடர் மைமன். கலிபோர்னியாவின் மாலிபு ஊரில் உள்ள ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில், 1960 மே 16 அன்று, விரலளவுகூட இல்லாத ஒரு செயற்கை மாணிக்கக் கோலின் இரு முனைகளிலும் வெள்ளி பூசி, அதைச் சுருள் வடிவ ஒளிவீச்சு விளக்கொன்றுக்குள் நிறுத்தி, 694 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள சிவப்புக் கதிரைப் பெற்றார். அவர் தம் கட்டுரையை முதலில் அனுப்பிவைத்த அமெரிக்க இதழ் அதை ஏற்கவில்லை. ஆகஸ்டில் நேச்சர் இதழ் வெளியிட்டது. மாணிக்கத்தில் வேலை செய்வது அதற்குச் சிவப்பைத் தரும் குரோமியம் அணுக்கள்தாம். ஆனால் அவை இறங்கும் படியே எல்லாவற்றுக்கும் கீழான தரைப்படியாக இருப்பதால், பாதிக்கு மேற்பட்ட அணுக்களை உயர்த்தினால்தான் கதிர் பிறக்கும். அது பெரிய செலவு. என் கண்ணுக்கு வந்த இயந்திரத்தில் இருப்பது நியோடிமியம் என்ற தனிமம் கலந்த யாக் என்னும் படிகம். 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான இதில், அணு இறங்கி நிற்கும் படிக்குக் கீழே இன்னொரு படி இருக்கிறது. இறங்கியவள் உடனே அங்கிருந்தும் நழுவிப் போய்விடுவதால், தாழ்த்தி நிற்பவர் கூட்டமே சேர்வதில்லை. கொஞ்சம் பேர் கோலை உயர்த்தினாலே போதும். அதன் கதிர் 1064 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

அன்று நான் கண்டது இரண்டு சிவப்புப் புள்ளிகளை. அவை குறிபார்ப்பதற்கான வேறொரு சிறு லேசரின் ஒளி. வேலை செய்த கதிரை நான் காணவே இல்லை. உன் இயந்திரத்திலும் பொறிக்க வேண்டிய இடத்தைக் காட்டச் சிவப்புப் புள்ளி ஓடுகிறது என்றாய். அதையே கதிர் என்று எண்ணிப் பழகிவிடாதே. சிவப்பு அணைந்திருந்தாலும் மற்றது பாய்ந்துகொண்டிருக்கலாம்.

என் கண்ணில் பாய்ந்த ஒரு துடிப்பின் ஆற்றல் சில மில்லிஜூல்கள்தான். ஒரு கிராம் எடையைப் பத்து சென்டிமீட்டர் தூக்க ஆகும் ஆற்றலே ஒரு மில்லிஜூல்; ஓர் எறும்புக்கு வேண்டுமானால் அது பெரிய சுமை. ஆனால் படிகத்தில் ஆற்றல் நிரம்பும்வரை வாய்க்கால் மதகை மூடி வைப்பது போலக் கதிரைத் தடுத்து நிறுத்திப் பின் சட்டென்று திறந்துவிட்டால், அது சில நானோநொடிகளில் மொத்தமாக வெளியேறும். ஒரு மில்லிஜூலை ஐந்து நானோநொடிகளில் கொட்டினால் அந்தக் கணத்தில் அதன் திறன் இரண்டு லட்சம் வாட். அதை ஒரு நுண்புள்ளியில் குவித்ததும் சிறு பொறி வெடித்து, மங்கிய சவ்வு கிழிந்து வழி விடுகிறது. நான் கேட்ட சத்தம் அதுதான். 1980ஐ ஒட்டி, பாரிசில் தானியேல் ஆரோன்-ரோசாவும் சுவிட்சர்லாந்தின் பெர்னில் பிரான்ஸ் ஃபான்காவுசரும் கண்ணுக்குள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

பிறகு ஏன் என் கண் கெடவில்லை என்று நீ கேட்கலாம். அந்தக் கதிர் அகன்ற கூம்பாக நுழைந்து, சவ்வின் மேல் குவிந்து, அதைத் தாண்டியதும் மீண்டும் அகன்று விரிந்துவிடுகிறது. விழித்திரையை அடையும்போது அது மெலிந்த ஒளி. உன் இயந்திரத்திலிருந்து தப்பி வரும் கதிரோ இணையாக வரும், அதைக் குவிக்கும் வேலையை உன் கண்வில்லையே செய்துவிடும். ஏறக்குறைய 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான கதிரைக் கண் உள்ளே விட்டு, ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிவாக்கி விழித்திரையில் போடுகிறது. பச்சைக் கதிரோ சிவப்புக் கதிரோ பட்டால் கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும். 1064 கண்ணுக்கே தெரியாததால் இமை மூடக் காரணமே இல்லை. விழித்திரைக்கு வலியும் தெரியாது.

ஆலைப் பட்டறையில் வெல்டிங் செய்த காலத்தில் அப்பா முகமூடி போடாமல் பார்த்துவிட்டு, நடு இரவில் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது போலத் துடித்ததும், நாங்கள் உருளைக்கிழங்கு வில்லை வைத்துக் கட்டியதும் உனக்குக் கதையாகத் தெரியும். அது புற ஊதாக் கதிர் விழியின் மேற்பரப்பில் செய்த காயம். வலித்தது, இரண்டு நாளில் ஆறியது. விழித்திரையில் படும் தழும்பு வலிக்கவும் செய்யாது, ஆறவும் செய்யாது. அப்பாவே இதைக் கேட்டுவிட்டு, "வலிக்காத அடிதான் மோசம், அதை எழுது" என்றார்.

லேசர் வகைகளை மாணவர்கள் திட, வாயு, அரைக்கடத்தி என்று ஊடகத்தை வைத்துப் பிரித்துப் படிப்பார்கள். தேர்வுக்கு அது சரி. வேலைக்கு வந்தபின் அலைநீளத்தையும், அதை எது விழுங்குகிறது என்பதையும் கொண்டு பிரித்துக்கொள். கண்பார்வை திருத்தும் எக்சைமர் லேசரின் 193 நானோமீட்டர்க் கதிரை விழியின் முன்படலமே விழுங்கிவிடும்; அதனால்தான் அதைக் கொண்டு அந்தப் படலத்தைச் செதுக்க முடிகிறது. பள்ளி ஆய்வுக்கூடங்களில் இருந்த ஹீலியம்-நியான் குழாய், 1960 டிசம்பரில் பிறந்த முதல் வாயு லேசரின் வாரிசு. இன்று அதன் இடத்தைப் பெரும்பாலும் சில ரிங்கிட் விலையுள்ள அரைக்கடத்தி லேசர்கள் பிடித்துவிட்டன.

கார்பன் டை ஆக்சைடு லேசரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது அது. அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், உன்னுடையதைப் போல் பத்து மடங்கு. நீரும் மரமும் அக்கிரிலிக்கும் அதை ஆவலோடு விழுங்கும். பளபளக்கும் உலோகம் திருப்பி அனுப்பிவிடும். நம் பட்டணத்தில் தீபாவளிக்கு அக்கிரிலிக் அலங்காரம் வெட்டித்தரும் கடையில் இருப்பது அதுவே. அங்குள்ள பையன் தெளிவான பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை அணிந்திருக்கிறான். அந்தப் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் 10.6 மைக்ரோமீட்டர்க் கதிரை விழுங்கும் என்பதால் அதற்கு அங்கே பொருள் உண்டு. அதே கண்ணாடியை நீ போட்டால், 1064 அதில் ஜன்னலில் வெயில் நுழைவது போல நுழையும்.

உன்னுடையது ஒளியிழை லேசர். இட்டெர்பியம் என்ற தனிமம் கலந்த மயிரிழைக் கண்ணாடி இழையே அதன் ஊடகம். அரைக்கடத்தி லேசர்கள் ஆற்றலை இறைக்க, இழைக்குள்ளேயே வரித்த நுண்கோடுகள் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளாக நிற்கின்றன. நேர்படுத்த வேண்டியது குறைவு, மின்சாரம் வீணாவதும் குறைவு. தொழிற்சாலைகள் பலவும் அதற்கு மாறியதில் வியப்பில்லை. கதவு மூடியிருக்கும்போது அந்த இயந்திரம் லேசர் பாதுகாப்பு வரிசையில் முதல் வகுப்பு, அதாவது பக்கத்தில் நின்று சோறு சாப்பிடலாம். காந்தத்தை ஒட்டிக் கதவைத் திறந்த அந்த நொடியில் அதே இயந்திரம் நான்காம் வகுப்பாகிவிடுகிறது, அதாவது மிக ஆபத்தான வகுப்பு. ஓர் உலோகத் தகட்டில் பட்டுத் தெறித்து வரும் கதிரும் போதும். பழுதுபார்ப்பவளாகிய நீ சில வேளை கதவைத் திறந்து வேலை செய்தே ஆக வேண்டியிருக்கும் என்பதை அறிவேன். அப்போது அதற்குரிய முறைப்படி, திறனைக் குறைத்து, கைக்கடிகாரத்தையும் வளையலையும் கழற்றி, சரியான கண்ணாடி அணிந்து செய். மூத்தவரிடம் வாதாட வேண்டாம். "அண்ணே, நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் எடுத்து வா, அவருக்கும் ஒன்று எடுத்து வா.

பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரத்தில் எண்கள் அச்சிட்டிருக்கும். எந்த அலைநீளத்திலிருந்து எதுவரை என்பது ஒன்று, கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட ஓ.டி. என்ற எழுத்துகளோடு வருவது மற்றொன்று. ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். 1064 அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று முதலில் பார், நிறத்தை வைத்து முடிவு செய்யாதே. நாளை வேலைக்குப் போனதும் அந்த எண்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இப்போது என்னால் சிறிய எழுத்தையும் படிக்க முடிகிறது.

அன்புடன்,
அம்மா