வேலை நடந்துவிட்டது, அதனால்தான் அனுப்பிவிட்டார்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு, இரவு மறுபடியும் எடுத்து நிதானமாகப் படித்தேன். கிளப் உன்னைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விடுவித்த செய்தியைப் பார்த்ததுமே போனை எடுத்தேன். ஆனால் அன்றைக்கு உன்னை அழைத்தவர்கள் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொல்லியிருப்பார்கள், அதையே நானும் சொல்லி உனக்கு என்ன ஆகப்போகிறது என்று வைத்துவிட்டேன். இப்போது நீயே கேட்டிருக்கிறாய்: போன சீசன் தோளில் தூக்கிக் கொண்டாடியவர்கள் இந்த சீசன் முகம் பார்த்துப் பேசக்கூட இல்லையே, நடுவில் என்னதான் நடந்தது என்று.

என் பக்கத்துச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எல்லாரும் நலம். மகள் பல்கலைக்கழக அணியில் கோல்கீப்பராக நிற்கிறாள். உயரம் போதாது என்று சொன்னவர்கள் இப்போது வாய் திறப்பதில்லை. நான் அணிகளோடு ஊர் ஊராகச் சுற்றுவதை விட்டுவிட்டு, காயம் பட்ட வீரர்களை மீண்டும் ஓட வைக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். வருமானம் கொஞ்சம் குறைவு, தூக்கம் நிறைய.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கடைசியில் வரிசையாக வந்த தோல்விகள்தான் காரணம் என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோல்விகள் உன்னை அனுப்பும் தேதியை முடிவு செய்தன, அவ்வளவுதான். அனுப்பும் எண்ணம் அதற்கு வெகு முன்பே அங்கே இருந்தது.

ஜெயித்துக்கொண்டே வேலையை இழந்தவர்களை நினைத்துப் பார். பயிற்சியாளர் டேவிட் பிளாட்டை 2016 ஜனவரியில் அமெரிக்கக் கூடைப்பந்து அணியான கிளீவ்லாந்து கேவலியர்ஸ் நீக்கியபோது அந்த அணி 30 ஆட்டங்களில் வென்று 11இல் மட்டுமே தோற்றிருந்தது, கிழக்குப் பிரிவில் முதலிடம். அனில் கும்ப்ளே 2016 ஜூனில் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்து ஒரே வருடத்தில் போனார். அவர் காலத்தில் ஆடிய 17 டெஸ்டுகளில் 12 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் பாகிஸ்தானிடம் தோற்ற இரண்டு நாளில் அவர் விலகியதால் அந்தத் தோல்விதான் காரணம் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். ஆனால் அவர் தன் அறிக்கையில் எழுதியது வேறு: கேப்டனுக்குத் தன் பாணி பிடிக்கவில்லை என்று கிரிக்கெட் வாரியம் சொல்லித்தான் தனக்கே முதல்முறையாகத் தெரிந்தது என்றார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது. ஒரு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்த மனிதரிடம் நேரில் சொல்ல முடியாதது, மூன்றாவது ஆள் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நான் இத்தனை வருடமும் பார்த்ததிலும் படித்ததிலும் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றுதான். ஒரு நிர்வாகம் புதிய பயிற்சியாளரைத் தேடும்போது நல்ல பயிற்சியாளர் யார் என்று கேட்பதில்லை. போனவரிடம் எது இல்லையோ அது யாரிடம் இருக்கிறது என்றுதான் தேடுகிறது.

ஆஸ்திரேலிய கிரிக்கெட்டை எடுத்துக்கொள். மிக்கி ஆர்தர் ஒழுங்கு வேண்டும் என்றவர். 2013 இந்தியச் சுற்றுப்பயணத்தில், அணி எப்படி மேம்படலாம் என்று ஒவ்வொருவரும் எழுதித் தரச் சொன்னார். தராத நான்கு பேரை மொஹாலி டெஸ்டிலிருந்து ஒதுக்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல் நடத்துகிறார் என்று பேச்சு கிளம்பியது. இங்கிலாந்துடனான ஆஷஸ் டெஸ்ட் தொடர் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது ஆர்தரை நீக்கிவிட்டு, வீரர்களோடு சகஜமாகப் பழகும் டேரன் லேமனைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொடரில் 3-0 என்று தோற்றார்கள். அடுத்த ஆஷஸில் 5-0 என்று வென்றதும் லேமனின் இயல்பான பாணி ஊரெல்லாம் புகழ் பெற்றது. 2018 மார்ச்சில் கேப்டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்து மாட்டிக்கொண்டபோது அதே இயல்பைத்தான் கட்டுப்பாடில்லாத சூழல் என்றார்கள். லேமன் விலகினார். இப்போது கண்டிப்பானவர் வேண்டும். ஜஸ்டின் லாங்கர் வந்தார்.

லாங்கருக்குக் கொடுத்த வேலை என்னவென்று யோசித்துப் பார். அந்த விவகாரத்தால் கேப்டன் ஸ்மித்தும் துணைக் கேப்டன் வார்னரும் ஒரு வருடத் தடையில் இருந்தார்கள், நாடே அணியைப் பார்த்து வெட்கப்பட்டது. அந்தப் பெயரைத் துடைத்து, தோற்றாலும் தலைநிமிர்ந்து நிற்கிற அணியாக்க வேண்டும். அதை அவர் செய்தார். 2019இல் இங்கிலாந்து மண்ணில் ஆஷஸைத் தக்கவைத்தார், 2021 நவம்பரில் டி20 உலகக் கோப்பை, அடுத்து சொந்த மண்ணில் 4-0 ஆஷஸ். அதற்குப் பிறகு, 2022 பிப்ரவரியில், கொஞ்ச காலத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தை நீட்டிக்கிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு விலகினார். அவருடைய தீவிரம் தாங்க முடியவில்லை என்று மூத்த வீரர்கள் முந்தைய வருடமே முறையிட்டிருந்தார்கள். வேறு பாணி வேண்டும் என்று கேப்டன் கம்மின்ஸும் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். கட்டடம் எழும்பும்வரை சாரம் வேண்டியிருக்கிறது, எழும்பிய பிறகு அதுவே கண்ணை உறுத்துகிறது. அடுத்து வந்த ஆண்ட்ரூ மெக்டொனால்டு அமைதியானவர். அவருடைய காலத்தில் 2023இல் டெஸ்ட் சாம்பியன்ஷிப்பும் ஒருநாள் உலகக் கோப்பையும் வந்தன. அதனால் வீரர்கள் கேட்டது தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. லாங்கர் இல்லாவிட்டால் அந்த அணி அந்த இடத்துக்கு வந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

இந்திய அணியிலும் இதே ஊசலாட்டம்தான். ஜான் ரைட் மென்மையானவர், அவரைத் தொடர்ந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட கிரெக் சாப்பல் வந்தார். கங்குலியைப் பற்றி வாரியத்துக்கு அவர் எழுதிய மின்னஞ்சல் 2005இல் வெளியே கசிந்த நாளிலிருந்து அணி அவரை நம்பவில்லை. இடையில், டிராவிட் கேப்டனாக இருக்க, இரண்டாவதாக பேட் செய்த ஒருநாள் ஆட்டங்களில் தொடர்ந்து 17 வெற்றி பெற்றார்கள். அது யாருக்கும் நினைவில்லை. 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறியதும் அவரும் வெளியேறினார். பின்னால் வந்தவர் கேரி கிர்ஸ்டன், தான் இருப்பதே தெரியாமல் வேலை செய்பவர்.

உன் கிளப்பில் நீ நுழைந்த நாளை நினைத்துக்கொள். உனக்கு முன்னால் இருந்தவர் நல்ல மனிதர், எல்லாருக்கும் பிரியமானவர், பயிற்சிக்கு நேரத்துக்கு வர வேண்டும் என்றுகூட அவரால் சொல்ல முடியாது. உன்னை எதற்காக எடுத்தார்கள்? அந்த ஒழுங்கைக் கொண்டுவரத்தான். முதல் வருடமே கொண்டுவந்தாய். இரண்டாம் வருடம் ஒழுங்கு இருந்தது, ஆகவே அதை யாரும் பார்க்கவில்லை. அதற்காக நீ போட்ட சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. உன் இடத்துக்கு இப்போது யாரை எடுத்திருக்கிறார்கள் என்று பார், பேச்சு இனிமையானவராகத்தான் இருப்பார்.

வீரர்கள் மனசு எப்போது மாறுகிறது என்பது பயிற்சியாளருக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களைப்போன்றவர்களுக்குத் தெரிந்துவிடும், அதையும் உன்னிடம் சொல்லத்தான் வேண்டும். வீரன் சிகிச்சை மேசையில் படுத்துக்கொண்டு கோச்சைத் திட்டினால் நான் கவலைப்பட மாட்டேன். திட்டுகிறவனுக்கு இன்னும் அக்கறை இருக்கிறது. பேச்சில் கோச்சே வராமல் போகும்போதுதான் எனக்குப் பயம் வரும். அப்புறம் சின்ன வலிகள் பெருகும். முன்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடியவன் இப்போது ஸ்கேன் எடுத்துவிடலாமா என்பான். ஒரு வாரத்தில் திரும்ப வேண்டியவன் இரண்டு வாரம் எடுப்பான். அவன் நடிக்கவில்லை, வலி நிஜம்தான். யாருக்காக அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடினானோ அந்த ஆள் அவன் மனசிலிருந்து போய்விட்டார். சந்தேகங்களை உதவிப் பயிற்சியாளரிடம் கேட்கத் தொடங்குவார்கள். கேப்டன் நேராக மேலிடத்துக்குப் போவார். மேலிடமும் அடுத்த சீசனுக்கு யாரை எடுக்கலாம் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, சனிக்கிழமை ஆட்டம் எப்படி என்று மட்டும் கேட்கும்.

கடைசியில் ஆதரவு அறிக்கை வரும். இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான லெஸ்டர் சிட்டி 2015-16இல் 5000-க்கு 1 என்ற, யாரும் நம்பாத பந்தய விகிதத்தில் தொடங்கி, 10 புள்ளி வித்தியாசத்தில் பிரீமியர் லீக்கை வென்றது. அந்தக் கோடையிலேயே நடுக்களத்தின் உயிரான காண்டேயை செல்சி கிளப்புக்கு விற்றார்கள். அடுத்த சீசனில் அணி தடுமாறியபோது, 2017 பிப்ரவரி 7இல், பயிற்சியாளர் ரனியேரிக்கு எங்கள் ஆதரவு அசையாதது என்று கிளப் அறிவித்தது. பிப்ரவரி 23இல் நீக்கியது. உதவியாளர் ஷேக்ஸ்பியர் வந்ததும் லிவர்பூலை 3-1 என்று வென்றார்கள், ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதி வரைக்கும் போனார்கள். முடிவு சரிதான் என்று எல்லாரும் சொன்னார்கள். அதே ஷேக்ஸ்பியரையும் அக்டோபரில் நீக்கினார்கள்.

இந்தப் புது ஆள் வந்ததும் வரும் வெற்றிகளைப் பார்த்து நீ மனம் உடைந்துவிடாதே. நீ போனபின் அவர்கள் வென்றதை எழுதியிருந்தாய், அந்த வரியில் உன் கையெழுத்தே மாறியிருந்தது. பாஸ் டெர் வீல் என்ற டச்சுப் பொருளாதார ஆய்வாளர் நெதர்லாந்து கால்பந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை அலசினார். பயிற்சியாளரை மாற்றிய அணிகள் மீண்டது உண்மை. ஆனால் அதே அளவு சரிந்தும் மாற்றாமல் விட்ட அணிகளும் அதேபோல் மீண்டிருக்கின்றன. அவ்வளவு கீழே போன அணி எப்படியும் கொஞ்சம் மேலே வரத்தான் செய்யும். நிர்வாகத்துக்கு இது தெரியாமல் இல்லை. இருபத்தைந்து வீரர்களை மாற்ற முடியாது, ஒப்பந்தம் இருக்கிறது, வாங்கி விற்க வருடத்தில் இரண்டு கதவுகள்தான் திறக்கும். ஒருவரை மாற்றலாம். ரசிகர்களுக்கும் ஏதோ செய்தோம் என்று காட்டிவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன்னோடு எனக்கு உடன்பாடில்லை, மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்கள் முன் நீ சொன்னது முழுக்க உண்மை: அந்த இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் ஓடவில்லை. ஆனாலும் அதை அந்த இடத்தில் சொல்லியிருக்கக் கூடாது. செல்சி பயிற்சியாளர் மொரின்யோ 2015 டிசம்பரில் லெஸ்டரிடம் தோற்ற இரவில் தன் உழைப்புக்குத் துரோகம் நடந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். ஏழு மாதம் முன்புதான் அதே வீரர்களை வைத்துப் பட்டம் வென்றிருந்தார். அந்த வாரமே செல்சி அவரை அனுப்பிவிட்டது. அறைக்குள் நீ எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் வீரன் அதை ஜீரணித்துக்கொள்வான். அவனுடைய அம்மா மறுநாள் படிக்கிற இடத்தில் சொன்னால் மன்னிக்க மாட்டான்.

சரி, நீடித்தவர்கள் எப்படி நீடித்தார்கள்? கால்பந்துப் பயிற்சியாளர் ஃபெர்குசனுக்கு 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் பொறுப்பு கிடைத்தது, முதல் லீக் பட்டம் 1993இல்தான். 1990 தொடக்கத்தில் அவரைத் தூக்கச் சொல்லி எழுதாத பத்திரிகை இல்லை. நிர்வாகம் பொறுத்தது, அது ஒரு பாதி. மறுபாதி பலரும் கவனிக்காதது: அவர் தன் உதவிப் பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். கிட், மெக்லாரன், கேய்ரோஷ், ஃபீலன் என்று பயிற்சி மைதானத்தில் வீரர்கள் தினமும் கேட்கும் குரல் மாறியது, மேலே இருந்த ஆள் மாறவில்லை. அணிக்கு வேறொருவர் தேவைப்படும் நேரத்தில் அந்த வேறொருவரைத் தானே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். உன்னிடம் இது ஒன்றுதான் இல்லை. உன் உதவியாளர் உன்னைவிடக் கண்டிப்பானவர்! உனக்கு எதிர்ப்பக்கம் நின்று வீரன் தோளில் கைபோட ஆள் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

உன் வயதும் திறமையும் முடிந்துவிட்டன என்று எழுதியதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். பயிற்சியாளர் தெல் போஸ்கே 2003இல் லீக் வென்ற கையோடு ஸ்பெயினின் ரியால் மாட்ரிட் கிளப்பால் விடப்பட்டார். 2010இல் ஸ்பெயினுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தார். ஆன்சலோட்டியை அதே கிளப் 2015இல் நீக்கியது, 2021இல் திரும்ப அழைத்தது, அவர் 2022இலும் 2024இலும் சாம்பியன்ஸ் லீக் வென்று கொடுத்தார்.

இளையோர் அணிக்கு வரச்சொல்லி ஒரு கிளப் கேட்பதாக எழுதியிருக்கிறாய். போ என்றுதான் சொல்வேன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு விஷயத்தைக் கேட்டு வை. உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது நீயா அவர்களா? உனக்கு முன்னால் இருந்தவரை ஏன் அனுப்பினார்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வார்த்தை மாறாமல் எனக்கு எழுது. அடுத்த மாதக் கடைசியில் எனக்கு விடுமுறை இருக்கிறது; நீ ஊரில் இருந்தால் நான் கிளம்பி வருகிறேன், ஒப்பந்தத்தை உட்கார்ந்து சேர்ந்தே படித்துவிடலாம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்