தலைப் பக்கம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ரோமானிய நாணயக் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். ஆனால் அச்சிட்ட படங்கள் எல்லாமே பேரரசர் முகம் உள்ள தலைப் பக்கம்தான். பூப் பக்கம் ஒன்றுகூட இல்லை. வெண்கலக் காசுகளைப் பொறுத்தவரை இது பெரிய குறை. (வெண்கலம் என்று பொதுவாகச் சொன்னாலும், அகஸ்டஸ் காலத்திலிருந்து பெரிய காசான செஸ்டர்ஷியஸ் பித்தளைதான்.) கடைத்தெருவில் அன்றாடம் கைமாறியவை இந்தக் காசுகள். அரசு மக்களுக்குச் சொல்ல நினைத்த சேதியைப் பெரும்பாலும் பின்புறத்தில்தான் பொறித்தார்கள்.

பேரரசர் நெர்வா கி.பி. 97-இல் வெளியிட்ட செஸ்டர்ஷியஸ் ஒன்றில் இரண்டு கோவேறு கழுதைகள் புல் மேய்கின்றன. பின்னால் பூட்டு அவிழ்த்த வண்டி, ஏர்க்கால் மேலே தூக்கியபடி நிற்கிறது. அரசுத் தபாலுக்கு வண்டியும் விலங்கும் கொடுத்தாக வேண்டும் என்று இத்தாலி மக்கள் மேல் இருந்த சுமையை நெர்வா நீக்கினார். அந்த அறிவிப்புதான் இந்தப் படம். சுற்றியுள்ள லத்தீன் எழுத்தைப் படிக்கத் தெரியாத வண்டிக்காரருக்கும் சேதி புரிந்திருக்கும். ஒரு பேரரசு, வாளையும் வெற்றித் தேவதையையும் விட்டுவிட்டு, மேய்கிற கழுதைகளைக் காசில் போட்டதே! ரோமானியக் காசுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எல்லாச் சேதியும் இப்படி நல்லதாக இல்லை. கி.பி. 70-இல் ஜெருசலேம் ரோமானியரிடம் வீழ்ந்தபின் பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட காசுகளில், பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண் துயரத்தோடு அமர்ந்திருக்கிறாள். தோற்றுப்போன யூதர் நாடான யூதேயாவைத்தான் அந்தப் பெண்ணாகக் காட்டியிருக்கிறார்கள். தோற்றவர் துயரத்தையே வெற்றிப் பெருமையாக ஊரெங்கும் புழங்கவிட்டார்கள். மனதை உறுத்தும் படம். ஆனாலும் காட்ட வேண்டிய படம்.

நம் ஊருக்கு வருவோம். கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் சின்னஞ்சிறியவை. பல நன்றாகத் தேய்ந்தவை. முகம் அழிந்துபோயிருந்தாலும், குதிரையோடு விழும் எதிரியைப் படைவீரன் ஈட்டியால் குத்தும் உருவம் பின்புறத்தில் தெரிந்தால் போதும், அந்த உருவம் முதலில் வந்த கி.பி. 348-க்கு முந்தியதல்ல அந்தக் காசு என்று சொல்லிவிடலாம். பூப் பக்கத்தைக் காட்டாவிட்டால் வாசகருக்கு இது எப்படித் தெரியும்?

அடுத்த முறை நாணயம் பற்றி எழுதும்போது இரண்டு பக்கங்களின் படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். அருங்காட்சியகங்களும் காசுக்கு அடியில் ஒரு சிறு கண்ணாடியாவது, பக்கத்தில் பின்புறப் புகைப்படமாவது வைக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கரூர்.