அடுத்த தெரு ஐயாவுக்கும் அவர் வீட்டு லேண்ட்லைனுக்கும்

வேளச்சேரியிலிருந்து, டிசம்பர் 2023

எல்லோருக்கும் வணக்கம்.

தண்ணீர் வடிந்து நாலு நாள் ஆகிறது. சுவரில் அது நின்ற கோடு இன்னும் காயவில்லை. மிக்ஜாம் புயல் என்ன செய்துவிட்டுப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நன்றி சொல்ல மட்டும்தான் இதை எழுதுகிறேன்.

படகோடு வந்த மீனவத் தம்பிகள், மீட்புப் படையினர், இடுப்பளவு தண்ணீரில் நின்று கரண்ட் கொடுத்த மின்வாரியத் தொழிலாளர்கள், இன்றுவரை சேறு அள்ளிக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளர்கள், எங்கள் மாடிக்குப் பால் பாக்கெட்டைக் கயிற்றில் கட்டி ஏற்றிவிட்ட பையன்கள், எல்லோரும் நல்லா இருக்கணும். உங்கள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முகம் மட்டும் கண்ணை விட்டுப் போக மறுக்கிறது.

அந்தப் பால் பையன்தான் முதலில் சொன்னான். "அடுத்த தெருவுல ஒரு ஐயா வீட்டுல போன் வேலை செய்யுதுக்கா." நான் நம்பவில்லை. திங்கட்கிழமையே டவர் போய்விட்டது. செல்போனில் சார்ஜும் இல்லை. ஒரகடத்துக்கு ஷிப்டுக்குப் போன என் கணவர் இரண்டு ராத்திரியாக என்ன ஆனார் என்று தெரியாது. அம்மாவிடம் மகளை விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தேன்.

மாடிப்படி முழுக்க ஆட்கள். மேலே ஒரு ஸ்டூலில் பழைய சாம்பல் நிற லேண்ட்லைன். பக்கத்தில் கோடு போட்ட நோட்டு, நூலில் கட்டிய பேனா. எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவராம்.

என் முறை வந்தது. "நம்பர் சொல்லும்மா" என்றார்.

வாயைத் திறந்தேன். ஒன்றுமே வரவில்லை. பதினாறு வருஷமாக ஒன்றாக வாழ்கிற மனுஷரின் நம்பர் எனக்குத் தெரியவில்லை. பெயரைத் தொட்டால் போன் போகும், அவ்வளவுதான் பழக்கம். பின்னால் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. தான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். "உக்காரும்மா. ரொம்ப வருஷமா மாறாத நம்பர் யாருது? அதை நினைச்சுப் பாரு."

திருச்சியில் இருக்கும் என் அண்ணன்! அவன் முதன்முதலில் வாங்கிய நம்பரை இன்றும் வைத்திருக்கிறான். பட்டன் போன் காலத்தில் தினமும் நான் அமுக்கிய நம்பர். வாயால் சொல்ல வரவில்லை. விரலை வைத்ததும் விரல் தானாகப் போட்டது.

அண்ணன் "அலோ" என்றதும் எனக்கு அழுகைதான் வந்தது. ஐயா ரிசீவரை வாங்கிக்கொண்டார். "உங்க தங்கச்சி, அம்மா, பாப்பா மூணு பேரும் பத்திரம். வெளியூர்ல இருக்கிற நீங்கதான் இனிமே எல்லாருக்கும் சொல்லணும். மாப்பிள்ளை உங்களைக் கூப்பிட்டா, என்ன சொன்னாருன்னு இந்த நம்பருக்குச் சொல்லுங்க." பிறகு நோட்டில் எழுதினார்: பெயர், தெரு, யாருக்கு, என்ன செய்தி. கடைசிக் கட்டத்தில் "பதில்" என்று இருந்தது. அதைக் காலியாக விட்டார்.

அன்று இருட்டிய பிறகு எங்கள் வாசற்படியில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரே வந்திருந்தார். எழுதியதை எழுதியபடி படித்தார். "பத்திரமா இருக்கேன். கேண்டீன்ல சாப்பாடு கிடைக்குது. ரோடு திறந்ததும் வர்றேன்." படித்து முடித்து, "பதில்" கட்டத்தில் ஒரு டிக் போட்டார். ஒரு வாய் வெந்நீர் மட்டும் குடித்துவிட்டு, இன்னும் நாலு வீடு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

அப்புறம்தான் கேட்டேன், அந்தப் போன் மட்டும் எப்படி ஐயா வேலை செய்தது என்று. அது பழைய செம்புக் கம்பி இணைப்பு. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே வந்துவிடும். எங்கள் வீட்டு ஃபைபர் இன்டர்நெட் பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. கரண்ட் போனால் அதுவும் போச்சு. "2015 வெள்ளத்துல இதுவும் செத்துப்போச்சும்மா, இந்தத் தடவை நம்ம அதிர்ஷ்டம்" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அக்டோபரில் சோதனை எச்சரிக்கை வந்தபோது ஊரிலுள்ள போன்கள் எல்லாம் அலறின. புயல் வருகிறது என்றும் நாள் கணக்காகச் சொன்னார்கள். மழை வரும் என்று எங்களுக்குச் சொல்ல அத்தனை வழி இருந்தது. வந்த பிறகு, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல ஒரு வழி இல்லை. 1913, 1070 என்று உதவி எண்கள் சுவரில் ஒட்டியிருந்தன. எதிலிருந்து கூப்பிடுவது? இத்தனை பெரிய நகரம் ஒரு பெரியவரின் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கலாமா? டவரின் ஜெனரேட்டரைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் வைப்பதும், ஒவ்வொரு வார்டிலும் ஒரு வயர்லெஸ் செட்டும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் இருப்பதும் முடியாத காரியமா என்ன?

2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவரது குழுவினரும் ஹாம் ரேடியோவோடு, அதாவது உரிமம் வாங்கிய ஆர்வலர்கள் தாங்களே இயக்கும் வயர்லெஸ் செட்டோடு, அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார்கள். தொலைபேசி அறுந்துபோன அந்தத் தீவிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுசேர்த்தார்கள். அந்த ஹாம் ரேடியோ உரிமத் தேர்வைப் பன்னிரண்டு வயது ஆனவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்க நிலை உரிமத்துக்கு, புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ்கூடத் தெரிய வேண்டாம். என் மகளுக்குப் பதினாலு. நாங்கள் இருவரும் எழுதப்போகிறோம். இதை ஐயாவிடமே சொல்லிவிட்டேன்.

ஐயா, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். சரி, போடவில்லை. அந்த நோட்டில் எத்தனை டிக் விழுந்தது என்பதாவது எங்கள் தெருவுக்குத் தெரிய வேண்டும் என்று நேற்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். அறுபத்து மூன்று. மூன்று கட்டங்கள் மட்டும் இன்னும் காலியாக இருக்கின்றன. அந்த மூன்று வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

நன்றியுடன்,
பின் தெரு, முதல் மாடி வீட்டிலிருந்து