மொந்தேய்னின் பயணமும் நம்பிக்கையும் மணவாழ்வும்: தமிழாக்க நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

1580-ஆம் ஆண்டு அக்டோபரில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து விடுதியொன்றில் பிரெஞ்சுப் பயணி ஒருவர் தங்கினார். விடுதிக்காரர் கத்தோலிக்கர், அவருடைய மனைவி லூத்தரன், அதாவது மார்ட்டின் லூத்தர் வழிவந்த சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். அந்த ஊரில் இத்தகைய திருமணங்கள் சாதாரணமாக நடக்கின்றன என்று பயணியின் செயலர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பயணியின் சொந்த நாட்டிலோ கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் பதினெட்டு ஆண்டுகளாக விட்டுவிட்டுப் போரிட்டுக்கொண்டிருந்தனர். அவருடைய உடன்பிறந்தாரிலேயே சிலர் சீர்திருத்தச் சபையில் சேர்ந்திருந்தனர். அந்தப் பயணிதான் கட்டுரையாசிரியர் மிஷேல் தெ மொந்தேய்ன் (1533–1592).

அவருடைய மூன்று கட்டுரைகளை முழுமையாகவும், பயண நாட்குறிப்பிலிருந்து சில பகுதிகளையும் மூல பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கி ஒரே நூலாக வெளியிட எங்கள் குழு முனைந்திருக்கிறது. 'வீண்மை பற்றி', 'வழிபாடுகள் பற்றி', பண்டைய ரோமக் கவிஞரைப் பெயரில் கொண்ட 'வெர்ஜிலின் சில அடிகள் பற்றி' என்பவை அந்தக் கட்டுரைகள். சமய நம்பிக்கை பற்றி அவர் எழுதியவற்றுள் பெரியதான, ரேமோன் செபோன் என்ற இறையியலாளர் பற்றிய கட்டுரை தனியொரு நூலின் நீளம் கொண்டது. அதற்கு இப்போது எங்களுக்கு வலுவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மொந்தேய்னைத் துணுக்குகளாக வாசிப்பது அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்பது எங்கள் கருத்து. திருமணம் ஒரு கூண்டு, வெளியே இருக்கும் பறவைகள் உள்ளே நுழையவும் உள்ளே இருப்பவை வெளியேறவும் தவிக்கின்றன என்று அவர் கூறிய உவமை மட்டும் ஊரெங்கும் சுற்றுகிறது. அது இடம்பெறும் வெர்ஜில் கட்டுரையிலேயே, நல்ல மணவாழ்வு என்று ஒன்று இருக்குமானால் அது காதலின் இயல்பை அன்றி நட்பின் இயல்பையே பின்பற்ற முயலும் என்கிறார்; பெண்களைக் கலக்காமல் ஆண்களே விதிகளை வகுத்துவிட்டதால் அவற்றைப் பெண்கள் ஏற்க மறுப்பதில் தவறில்லை என்கிறார்; வளர்ப்பையும் வழக்கத்தையும் நீக்கிவிட்டால் இருபாலாரும் ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டவர்கள் என்று முடிக்கிறார். அதே மனிதர்தான் தம் மனைவி பிரான்சுவாஸைப் பற்றிக் கட்டுரைகளில் மிகக் குறைவாகவே பேசுகிறார். அவர்களுக்குப் பிறந்த ஆறு பெண்குழந்தைகளில் லெயோனோர் ஒருத்தியே வளர்ந்து ஆளானாள் என்றிருக்க, இறந்த குழந்தைகளை 'இரண்டு மூன்று' என்று கணக்குத் தவறவிட்டு எழுதுகிறார். எங்கள் குழுவில் சிலரால் இந்த வரியை இன்னும் மன்னிக்க முடியவில்லை. மூன்று கட்டுரைகளுக்குள் அது வராவிட்டாலும், முன்னுரையில் அதை மறைக்கப் போவதில்லை.

பயணத்தைப் பேசும் 'வீண்மை பற்றி' கட்டுரையிலும் இந்த மணவாழ்வே வழக்காக வந்து நிற்கிறது. மனைவியை வீட்டில் விட்டுவிட்டு முதிய வயதில் ஊர்சுற்றலாமா என்று கேட்பவர்களுக்கு, நட்பின் கைகள் நீளமானவை, உலகின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை எட்டிப் பற்றக்கூடியவை என்று பதில் சொல்கிறார். ஏன் பயணம் போகிறாய் என்றால், எதைவிட்டு ஓடுகிறேன் என்பது தெரியும், எதைத் தேடுகிறேன் என்பதுதான் தெரியவில்லை என்கிறார். வெளிநாட்டில் தம் நாட்டாரைத் தேடிச் சேர்ந்துகொண்டு உள்ளூர் உணவையும் வழக்கத்தையும் பழிக்கும் பிரெஞ்சுக்காரர்களை அவர் எள்ளி நகையாடும் பக்கங்கள், மொழிபெயர்க்கும்போது எங்களையே வாய்விட்டுச் சிரிக்க வைத்தன.

1580 ஜூன் 22 முதல் 1581 நவம்பர் 30 வரை நீண்ட அந்தப் பயணத்தில், சிறுநீரகக் கல்லின் வேதனையோடு ஊற்றுநீர்க் குளியல்களைத் தேடிச் சென்ற அவருடைய கட்டுரை நூலை ரோம் நகரில் திருச்சபைத் தணிக்கையாளர்கள் வாங்கிவைத்துப் படித்தார்கள். 'விதி' என்ற சொல்லை அவர் தாராளமாகப் பயன்படுத்தியதும், வழிபடுகிறவன் அந்த நேரத்திலாவது தீய நாட்டத்திலிருந்து விடுபட்டிருக்க வேண்டும் என்று 'வழிபாடுகள் பற்றி' கட்டுரையில் எழுதியதும் குறைகளாகச் சொல்லப்பட்டன. திருத்துவதை அவருடைய மனச்சாட்சிக்கே விட்டார்கள். அவரோ திருச்சபையின் தீர்ப்புக்குப் பணிகிறேன் என்று பின்னர் அந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டு, 'விதி'யை இருந்த இடத்திலேயே இருக்கவிட்டார்! 1676-இல் நூல் திருச்சபை விலக்கிய நூல்களின் தடைப்பட்டியலில் ஏறியது.

1581-இல் இத்தாலியின் லொரேத்தோ திருத்தலத்தில் அவர் ஒரு காணிக்கைத் தகடு வைத்தார். அதில் வெள்ளியாலான நான்கு உருவங்கள்: அன்னை மரியாள், அவர், மனைவி, மகள். ஐயவாதி என்று பெயரெடுத்தவரும், மனைவியைவிட்டுப் பல மாதங்கள் விலகியிருந்தவருமான ஒருவர் செய்த காரியம் இது. பயணமும் நம்பிக்கையும் மணவாழ்வும் ஒரே நூலுக்குள் வர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இந்தத் தகடே காரணம்.

பணம் எதற்கு என்பதையும் கூறுகிறோம். மொந்தேய்ன் எழுதி முடித்துவிட்டு ஓய்ந்தவரல்லர். 1588 பதிப்பின் ஒரு படியில் ஓரங்களிலெல்லாம் கைப்பட எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார், அந்தப் படி இன்றும் பொர்தோ நகர நூலகத்தில் இருக்கிறது. எந்த வரி முதலில் எழுதப்பட்டது, எது பின்னர் சேர்ந்தது என்பதை வாசகர் பிரித்தறியும்படி பக்கங்களை வடிவமைக்கச் செலவு கூடுகிறது. வெர்ஜில், லுக்ரீஷியஸ், கட்டுல்லஸ் எனக் கட்டுரையெங்கும் நிறைந்திருக்கும் லத்தீன் மேற்கோள்களைச் சரிபார்க்கும் ஆசிரியருக்கு மதிப்பூதியம் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் ஊதியம் பெறவில்லை. 500 படிகள் அச்சிடத் தாளும் கட்டுமானமும் சேர்த்து எங்களுக்குத் தேவைப்படுவது மூன்று இலட்சம் ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கை உறுப்பினர்களே போட்டிருக்கிறோம்.

எஞ்சியதற்கே தங்களை நாடுகிறோம். எத்தொகையாயினும் ரசீது வழங்கப்படும். ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் அளிப்போருக்கு நூலின் ஒரு படி அனுப்பப்படும். விரும்பாதவர்களின் பெயர் நன்றிப் பக்கத்தில் இடம்பெறாது. வரவு செலவுக் கணக்கு நூல் வெளியான மூன்று மாதங்களுக்குள் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். பிரெஞ்சோ லத்தீனோ அறிந்தவர்கள் பணத்துக்குப் பதிலாக ஒரு கட்டுரையின் மெய்ப்பைப் பார்த்துத் தந்தாலும் அதை நன்கொடையாகவே ஏற்போம்.

இவண்,
மொழிபெயர்ப்புக் குழுவினர்