அறங்காவலர்களுக்கு, எக்ஸ்ரே அறையிலிருந்து

நம் ஆஸ்பத்திரியின் மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு வணக்கம்.

மதுரையில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போக நான் கொடுத்த விண்ணப்பம் போன வாரம் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: "மெஷின் வந்தப்பவே கம்பெனிக்காரர் சொல்லிக் கொடுத்தாச்சே."

ஆமாம், ஒரு மதியம் சொல்லிக் கொடுத்தார். எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினார், கையெழுத்து வாங்கினார், சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பிலிம் காலத்தில் கதிர் கூடிப்போனால் படம் கறுத்துவிடும். டாக்டர் கூப்பிட்டுத் திட்டுவார். பிலிமுக்குப் பதிலாக வந்த டிஜிட்டல் பேனலில் அந்தத் திட்டு கிடையாது. இரண்டு மடங்கு போனாலும் கம்ப்யூட்டர் சரிக்கட்டி அழகான படமாகக் கொடுத்துவிடும். குறைந்தால்தான் படம் புள்ளி புள்ளியாக வரும். அதனால் கை தானாகவே கூட்டிவைக்கப் பழகிவிடுகிறது. கூடியதா குறைந்ததா என்று சொல்லத் திரையின் மூலையில் ஓர் எண் வரும். அது எதற்கு என்று எனக்கு எட்டு மாதம் தெரியாது.

தேவகோட்டைப் பக்கமிருந்து இருமலோடு ஒரு நாலு வயதுப் பிள்ளை வந்தது. "நல்லா விழுந்திருக்கா தம்பி?" என்று அதன் அப்பத்தா கேட்டார். பளிச்சென்று விழுந்திருந்தது, அப்படியே சொன்னேன். அன்று ராத்திரி, வேறு ஊரில் வேலை பார்க்கும் நண்பன் போனில் அந்த எண்ணைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னான். காலையில் முதல் வேலையாக அந்தப் படத்தைத் திறந்தேன். தேவைக்கு வெகு மேலே போயிருந்தது. சுவரில் ஒட்டிய அட்டையைப் பார்த்துத்தான் அளவு வைத்தேன். அது இந்தப் பேனல் வருவதற்கு முன், கேசட் என்ற தட்டைப் பெட்டியை வைத்துப் படம் எடுத்த காலத்து அட்டை. ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர் சொற்பம்தான், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்த எட்டு மாதத்தில் வந்த மற்றப் பிள்ளைகளின் படங்களைத் திறந்து பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஆகவே கேட்கிறேன்: எங்கள் மூன்று பேருக்கும் ஆண்டுக்கு இரண்டு நாள், பணிநாளாகவே, பயிற்சிக்கு அனுமதி வேண்டும்.

டாக்டர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் தொடர்கல்வி என்று விதியே இருக்கிறது. நாங்கள் டிப்ளமோ வாங்கிய அன்றோடு படிப்பு முடிந்துவிட்டது போல. இடுப்புப் படம் எடுக்கும்போது பிறப்புறுப்பை ஈயத் தகடு வைத்து மறைக்க வேண்டும் என்றுதான் படித்தோம். அதை வழக்கமாக வைக்க வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இலேயே சொல்லிவிட்டது. எங்கள் அறையில் தகடு இன்னும் ஆணியில் தொங்குகிறது.

உங்கள் பாட்டனார் காலத்தில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து கணக்குப் படித்து, கடையைப் பார்ப்பவருக்கு உதவியாக அடுத்தாளாகி, அதற்குப் பிறகுதானே ஒருவர் கையில் ரங்கூன் கடையை ஒப்படைத்தார்கள்? சாவியைக் கொடுத்துவிட்டு "ஒரு மதியம் சொல்லிக் கொடுத்தாச்சே" என்று யாரும் கப்பலேற்றிவிடவில்லை. இங்கே வரவேற்பறை கிரானைட்டை மாற்ற மூன்று முறை கொட்டேஷன் வாங்க நேரம் இருக்கிறது. நவம்பர் 8, ராண்ட்ஜன் கதிரைக் கண்டுபிடித்த நாள் என்று எங்களுக்குப் பொன்னாடையும் போர்த்துகிறீர்கள். என் வீட்டுப் பீரோவில் நாலு பொன்னாடை இருக்கிறது.

கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அந்த இரண்டு நாள்தான். பஸ் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஒருவர் போகும்போது மற்ற இருவரும் அவருடைய ஷிப்டைப் பிரித்துக்கொள்வதாகப் பேசி வைத்திருக்கிறோம். வகுப்புக்குப் பெயர் கொடுக்க இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன்